கீழ் போர்ஷன்காரன் நடத்தை எப்படி?

வாங்க தம்பி, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். கீழ் போர்ஷன்ல ரெண்டரை வருஷம் குடியிருந்த இளவழகன் சரியான ஆள் கிடையாது. என் பேரு கனகசபாபதி. டெலிபோன் டிபார்ட்மென்ட்ல முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ், ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. இந்த உறையூர்ல என்னைத் தெரியாதவன் கிடையாது. வாய்க்கு வந்தபடி ஒருத்தனைப் பத்திப் பேசுற பழக்கம் எனக்கு இல்ல.

காலையில உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணி எல்லாம் சொல்லுச்சு. அவனுக்கு ஓசூர்ல ஏதோ பெரிய கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம். சேர்த்துக்குறதுக்கு முன்னாடி பழைய வீட்டுக்குப் போய் ஆளு எப்படின்னு விசாரிப்பாங்களாம். நல்ல பழக்கம். எல்லாக் கம்பெனியும் பண்ணணும். எங்க, அந்த ஃபாரத்தைக் குடுங்க பார்ப்போம். 'நடத்தை.' 'காலி செய்த காரணம்.' இவ்வளவுதானா? ரெண்டு வரிதான் எடம் விட்டிருக்கீங்க. நடத்தை சரியில்லைன்னு நான் எழுதினா என்ன ஆகும்? வேலையை நிறுத்திடுவாங்களா? ஓகோ. இப்ப எங்க இருக்கான்? அரியலூர்ல, மாமனார் வீட்லயா? பொண்டாட்டி பிள்ளையோட? இருக்கட்டும், இருக்கட்டும். இங்க இருக்கும்போது வீட்லேர்ந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தான். அங்க போனதும் நெட் சரியில்லாம அந்த வேலையும் போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

பேனா வெச்சிருக்கீங்களா? குடுங்க. எழுதுறேன். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி உங்களுக்கு விஷயம் தெரியணும். கெழவன் வயித்தெரிச்சல்ல எழுதிட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க.

மங்கை! தம்பிக்குக் காப்பி போடு. என் சம்சாரம், மங்கையர்க்கரசி. அவளுக்கு அந்தக் குடும்பத்து மேல கொள்ளைப் பிரியம். அவ ஏதாச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க.

சரி, கேளுங்க. என்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அதோ அந்த ரூம்ல. ரிட்டயர் ஆனதும் மத்தவன் எல்லாம் கோயில் கோயிலாப் போனான். நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். யார்கிட்டயும் போய் நிக்கல. எல்லாம் வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எழுதி, நானே கத்துக்கிட்டது. உங்களுக்கு லினக்ஸ் தெரியுமா? கேள்விப்பட்டதோட சரியா? விர்ச்சுவல் மெஷின்? அதுவும் இல்லையா? என்ன படிச்சீங்க? பி.காமா? பரவாயில்ல, நான் சொல்றேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல.

கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் விர்ச்சுவல் மெஷின். வீட்டுக்குள்ள ஒரு ரூமைத் தடுத்துப் பூட்டிக்கிற மாதிரி. பென்ஷன், பேங்க் வேலை எல்லாம் வெளிக் கம்ப்யூட்டர்ல. டவுன்லோட் பண்றதெல்லாம் உள்ள இருக்குற லினக்ஸ்ல. ஏதாச்சும் வைரஸ் வந்தாலும் அந்த ரூமோட போகும், மத்த எதையும் தொடாது. அந்த லினக்ஸ்ல ஒரு வி.பி.என் போட்டேன். அது என்ன பண்ணும்னா, நம்ம நெட்டை ஒரு குழாய்க்குள்ள விட்டு வேற நாட்டுல கொண்டு போய்த் திறக்கும். வெளியிலேர்ந்து பார்க்குறவனுக்கு உறையூர் தெரியாது. நெதர்லாந்துல எவனோ ஒருத்தன் டவுன்லோட் பண்றான்னுதான் தெரியும். அதைப் போட்டு முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆச்சு. பதினோராம் நாள் இந்த அட்ரஸ் எந்த ஊர்னு ஒரு வெப்சைட்ல போட்டுப் பார்த்தா, நெதர்லாந்துன்னு வருது! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. மங்கையைக் கூப்பிட்டுக் காட்டுறேன், 'அப்ப சாப்பாடு அங்கேயே போட்டுருவாங்களா'ங்குறா. இவ்வளவுதான் இந்த வீட்ல நமக்கு மரியாதை.

என்ன டவுன்லோட் பண்றேன்னா கேக்குறீங்க? படம். படம்தான். ஆயிரத்து எண்ணூறு படம் வெச்சிருக்கேன். பழசு, புதுசு, இங்கிலீஷ், ஹிந்தி, மலையாளம். வாக்கிங் வர்ற நண்பர்களுக்கு ஞாயித்துக்கிழமை பென் டிரைவ்ல போட்டுக் குடுப்பேன். ஒரு ரூபா வாங்க மாட்டேன். நான் பார்க்குறதில்ல, எனக்கு நேரம் ஏது? சேர்த்து வெக்குறேன். இதெல்லாம் தப்பில்லையான்னு நீங்க மனசுல நினைக்கிறது தெரியுது. விக்குறவன்தான் திருடன். நான் விக்கல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஏரியாவுல கரண்ட் எப்படின்னு தெரியும்ல? மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில நிறுத்துவான். மழை பேஞ்சா நிக்கும். காத்தடிச்சா நிக்கும். இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், கம்ப்யூட்டரை அதுல போட்டா பேட்டரியைக் குடிச்சிடும். அதனால நான் என்ன பண்ணேன்? கரண்ட் வந்த அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகும். அது ஆனதும் உள்ள இருக்குற லினக்ஸ் தானா எந்திரிக்கும். அது எந்திரிச்சதும் டவுன்லோட் தானா விட்ட எடத்துலேர்ந்து ஓட ஆரம்பிக்கும். நான் வீட்ல இருக்கணும்னு அவசியமே இல்ல. எல்லாம் ஆட்டோமேட்டிக்.

வி.பி.என் மட்டும் தானா ஆரம்பிக்காது. அதுக்குப் பாஸ்வேர்டை நான் கையால அடிக்கணும். ஏன்னா அதை ஃபைல்ல எழுதி வெக்க மாட்டேன். எழுதி வெச்சா தானா எடுத்துக்கும்னு வீடியோல சொன்னாங்கதான். ஆனா பாஸ்வேர்டை எழுதி வெக்கிறவன் முட்டாள். டிபார்ட்மென்ட்ல ஸ்ட்ராங் ரூம் சாவி பதினெட்டு வருஷம் என் இடுப்புல இருந்துச்சு தம்பி. எனக்கு வந்து பாதுகாப்பைப் பத்தி யாரும் சொல்லித் தர வேணாம்.

இப்படி நான் பாட்டுக்கு இருந்தேன். போன அக்டோபர்ல நெட் கம்பெனிக்காரன்கிட்டேர்ந்து ஒரு நோட்டீஸ். உங்க லைன்லேர்ந்து இன்ன தேதி, இன்ன நேரத்துக்கு, இன்ன புதுப்படத்தை அனுமதி இல்லாம டவுன்லோட் பண்ணியிருக்கீங்க, படக் கம்பெனி புகார் குடுத்திருக்கு, திரும்ப நடந்தா லைனைத் துண்டிச்சிடுவோம். இந்தா பாருங்க, பிரின்ட் எடுத்து ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன். என் பேருக்கு! முப்பத்திநாலு வருஷம் ஒரு மெமோ வாங்காத ஆளு நான்.

யோசிச்சுப் பார்த்தேன். நானா இருக்க முடியாது, நான் நெதர்லாந்துல இருக்கேன். அப்ப இந்த லைன்ல வேற யாரு? கீழ் வீடு. வாடகையில நெட்டும் சேர்த்துன்னு நான்தான் பாவம் பார்த்துப் பாஸ்வேர்டு குடுத்திருந்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்குறவன். வயசு முப்பது. வேற சாட்சி என்ன வேணும்?

அப்பவும் நான் ஒண்ணும் கேக்கல தம்பி. என் பெருந்தன்மையைப் பாருங்க. மாடிப்படியில பார்க்கும்போது மொறைச்சதோட சரி. அவன் 'வணக்கம் சார்'ம்பான், நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். புரிஞ்சிருக்கணும்ல? புரியல. நவம்பர் எட்டாம் தேதிக்கு ரெண்டாவது நோட்டீஸ். அன்னைக்குத்தான் மழையில நம்ம முக்கு டிரான்ஸ்ஃபார்மர் டமால்னு வெடிச்சு, விடிகாலையிலேர்ந்து கரண்ட் இல்லாம, பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு. ஊரே அல்லோலப்பட்டுக்கிட்டிருக்கு, அந்த நேரத்துலயும் இவனுக்குப் படம் கேக்குது பாருங்க! நோட்டீஸ்ல பதினொன்னேகால்லேர்ந்து ஒரு மணி வரைக்கும்னு போட்டிருக்கான்.

என் சம்சாரம் சொல்றா, 'ஏங்க, அன்னைக்கு அவங்க ஊர்லயே இல்லீங்க. பிள்ளைக்குக் காது குத்துன்னு மூணு பேரும் அரியலூர் போயிருந்தாங்க'ன்னு. நான் சொன்னேன், ஊர்லேர்ந்தே போன்ல இயக்கலாம்டி, இந்தக் காலத்துல எதுவும் முடியும்னு. அவளுக்கு என்ன தெரியும்?

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை. வாக்கிங் முடிச்சு நண்பர்கள் நாலு பேரு இங்க காப்பிக்கு வந்திருந்தாங்க. என்கூட வேலை பார்த்த பட்டாபிராமன், இன்னும் மூணு பேரு. அவனை மேல கூப்பிட்டேன். நோட்டீஸ் ரெண்டையும் டீப்பாய் மேல போட்டேன். 'இது என்னய்யா?'ன்னேன்.

எடுத்துப் படிச்சான். வேற எவனா இருந்தாலும் ஒண்ணு அழுவான், இல்ல எகிறுவான். இவன் தேதியைப் பார்த்துட்டு நிதானமாக் கேக்குறான், 'சார், இந்த ரெண்டு நாளும் கரண்ட் போயிட்டு வந்துச்சா?'

'கரண்டுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?'

'உங்க சிஸ்டத்தை ஒரு தடவை பார்க்கலாமா சார்?'

நண்பர்கள் இருக்காங்க, என் சிஸ்டத்தைப் பார்த்து அசரட்டுமேன்னு நானும் காட்டினேன். கம்ப்யூட்டரை நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னான். போட்டேன். எல்லாம் தானா வந்துச்சு. டவுன்லோட் ஓடுது. அவன் லினக்ஸ்ல ஏதோ ஒரு வரி அடிச்சான். அட்ரஸ் வந்துச்சு. 'பாருங்க சார், இப்ப திருச்சின்னுதான் வருது. நீங்க பாஸ்வேர்டு அடிக்கிற வரைக்கும் எல்லாம் நேரா நம்ம லைன்லதான் போகுது. வி.பி.என் இல்லாம ஒண்ணும் வெளிய போகக் கூடாதுன்னு ஒரு பூட்டுப் போட்டுடலாம். பத்து நிமிஷ வேலை, நானே போட்டுத் தர்றேன்'ங்குறான்.

எனக்கு! என் வீட்ல உக்காந்துக்கிட்டு! பட்டாபி முன்னாடி! பட்டாபி சிரிச்சிட்டான் தம்பி. 'என்ன கனகு, நெதர்லாந்து நெதர்லாந்துன்னியே, வண்டி இன்னும் ஜங்ஷன்லேர்ந்தே கிளம்பலியே'ன்னு சொல்லிச் சிரிக்கிறான். மத்த மூணு பேரும் சேர்ந்து சிரிக்கிறானுங்க. அஞ்சு வருஷமா அவனுங்களுக்கு நான் படம் போட்டுக் குடுக்குறேன். நன்றி கெட்ட ஜென்மங்க.

எனக்கு ஜிவ்வுனு ஏறிடுச்சு. 'பூட்டு எங்க போடணும்னு திருடனுக்குத்தான்யா தெரியும். கார்த்திகை முடியறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணு'ன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. 'சார், பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க, மார்கழியில வீடு கிடைக்காது, பாப்பாவை இப்பதான் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம்'னான். முடியாதுன்னேன். அவன் பொண்டாட்டி சுகந்தி வந்து மங்கைகிட்ட அழுதா. மங்கை வந்து என்கிட்ட அழுதா. 'மார்கழியில யாரும் குடி போக மாட்டாங்க, ஒருத்தரும் வீடு தர மாட்டாங்க, பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு எங்கங்க போவாங்க'ன்னு. நான் அசையல. கார்த்திகை இருபத்தெட்டுக்குக் காலி பண்ணிட்டான். ஒரு மினி லாரியில சாமானை ஏத்திக்கிட்டு நேரா அரியலூர்.

அப்புறம் என் வீடு பூட்டியே கிடக்கு. மார்கழியில யாரு வருவா? அதுக்கப்புறமும் வரல.

காப்பியை எடுத்துக்குங்க தம்பி. சக்கரை போதுமா?

இதோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? முடியல. அவன் சாமர்த்தியத்தைக் கேளுங்க. அவன் போன அன்னைக்கே வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டேன். அப்படியும் ஜனவரி இருபத்திநாலாம் தேதிக்கு மூணாவது நோட்டீஸ் வருது! கடைசி எச்சரிக்கைன்னு சிவப்புல போட்டு. ஆளு இல்ல, பாஸ்வேர்டு இல்ல, எப்படி? நான் மூணு நாள் தூங்காம யோசிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அன்னைக்கு என் சிஸ்டத்துல ஒரு வரி அடிச்சான்ல? அதுல எதையோ வெச்சுட்டுப் போயிட்டான். அரியலூர்ல உக்காந்துக்கிட்டு என் லைன்ல படம் இறக்குறான். இப்படிப்பட்டவனைத்தான் ஓசூர்ல நல்ல சம்பளம் குடுத்து வேலைக்கு எடுக்குறாங்களாம். விடுவேனா?

என்ன கேட்டீங்க?

இருபத்திநாலாம் தேதி கரண்ட் போச்சான்னா?

ஏன் தம்பி, ஆளாளுக்கு இதையே கேக்குறீங்க? நீங்க பி.காம்தானே? அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல, புதுக்கோட்டையில கல்யாணம், சாயங்காலம்தான் வந்தேன். வந்து பாஸ்வேர்டு அடிச்சேன்... அடிச்சேனா? அடிச்சிருப்பேன். எதுக்கு அடிச்சேன்னா கேக்குறீங்க? வி.பி.என் இல்லாம இருந்துச்சு, அடிச்சேன். அது ஏன் இல்லாம இருந்துச்சுன்னா... சிஸ்டம் நின்னு வந்திருக்கும். அது ஏன் நின்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், நான்தான் புதுக்கோட்டையில இருந்தேனே!

மங்கை, அது என்ன கையில? காலண்டரா? அதை எதுக்கு இப்ப இங்க கொண்டு வர்ற? போன வருஷத்தது வேற. அதை இன்னுமா தூக்கிப் போடாம வெச்சிருக்க?

ஒண்ணுமில்ல தம்பி. மளிகைக் கடையில குடுத்த மாசக் காலண்டர். அடுப்படியில மாட்டியிருப்பா. பால், கேஸ் எல்லாம் அதுலதான் எழுதுவா. கரண்ட் நிறுத்துற நாள் பேப்பர்ல வந்தா வட்டம் போட்டுக்குவா, முன்னாடி நாளே மாவு ஆட்டி வெக்கணும்ல, அதுக்கு. சும்மா திடீர்னு நின்னாலும் எழுதி வெப்பா, மாவு புளிச்சுதா இல்லையான்னு பார்க்க. பொம்பளைங்க சமாச்சாரம்.

என்னடி படிக்கிற? அக்டோபர் பதினேழு. வட்டம். ஒன்பதுலேர்ந்து நாலு. சரி. நோட்டீஸ்ல என்ன நேரம் போட்டிருக்கு? தம்பி, அந்த ஃபைலைக் கொஞ்சம்... நாலு பத்து. சரி, அது ஒரு நாள். நவம்பர் எட்டு, டிரான்ஸ்ஃபார்மர், அது ஊருக்கே தெரியும், நானே சொன்னேனே.

இந்த வருஷத்ததும் கொண்டு வந்திருக்கியா? ஜனவரி.

'பராமரிப்பு, ஒன்பதுலேர்ந்து ரெண்டு'ன்னு எழுதியிருக்கா. நோட்டீஸ்ல ரெண்டு அஞ்சு.

ம்.

இருங்க தம்பி. ஒரு நிமிஷம் இருங்க. பேசாதீங்க.

மங்கை, இது உனக்கு எப்பத் தெரியும்? நோட்டீஸ் வந்த அன்னைக்கேவா? அப்ப ஏன்டி சொல்லல? சொன்னியா? எப்ப சொன்ன? கரண்ட் வந்ததும் அந்த டப்பா தானா கத்துதுங்க, அதைப் பாருங்கன்னு சொன்னியா? நீ டப்பான்னு சொன்னா கம்ப்யூட்டர்னு எனக்கு எப்படிப் புரியும்? விவரமாச் சொல்லியிருக்கணும். காலண்டரை அன்னைக்கே காட்டியிருக்கணும். பார்த்திருக்க மாட்டேனா? சரி, பார்த்திருக்க மாட்டேன். அதை இந்தத் தம்பி முன்னாடிதான் சொல்லணுமா?

சரி. என் சிஸ்டம்தான். அப்படியே வெச்சுக்குவோம். அதுக்கு இப்ப என்னங்குறீங்க ரெண்டு பேரும்? போய் அவன் கால்ல விழச் சொல்றீங்களா? தப்பு என்னுதுன்னே வெச்சாலும், நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்லலாமா அவன்? என் வயசென்ன, அவன் வயசென்ன? தனியா வந்து பக்குவமா, சார் இந்த மாதிரின்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் தம்பி. சத்தியமா கேட்டிருப்பேன். அவனுக்குப் பக்குவம் பத்தல.

என்ன மங்கை? சத்தமாச் சொல்லு, முணுமுணுக்காத.

மறுநாள் தனியா வந்தானா?

வந்தான். ஆமா. திங்கக்கிழமை காலையில வந்து பெல் அடிச்சான். நான் உள்ளதான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'சார், நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்புதான், மன்னிச்சிருங்க, நான் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு வந்திருக்கேன், அந்தப் பூட்டுக்கு வேண்டிய அஞ்சு வரியை நீங்களே அடிச்சுட்டாப் போதும், யாருக்கும் தெரிய வேணாம்'னான். கதவுக்குக் கீழ பேப்பரைத் தள்ளினான். நான் திறக்கல. பத்து நிமிஷம் நின்னான். கீழ இறங்கிப் போயிட்டான். பேப்பரை நான் படிக்கலன்னு சொன்னேன்ல மங்கை உன்கிட்ட? படிச்சேன். படிச்சுட்டுத்தான் கிழிச்சேன். சரியாத்தான் எழுதியிருந்தான். கையெழுத்துக்கூட நல்லா இருந்துச்சு.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும்னு நினைக்கிறீங்களா? தெரியாது. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன். அது வேற.

சரி, நேரமாச்சு உங்களுக்கு. ஃபாரத்தைக் குடுங்க, நல்லாவே எழுதிடுறேன். நடத்தைன்னா... 'நன்று'ன்னு போடலாமா? போட்டுடுறேன். காலி செய்த காரணம், 'சொந்தக் காரணம்'. முடிஞ்சுது. யாருக்கும் வம்பு இல்ல, அவனுக்கும் வேலை கிடைச்சிடும், எனக்கும்... ஏன், என்ன?

ஈ.பி. கார்டா? அதைப் போட்டோ எடுத்தாச்சே. பேரு ஒத்து வரணுமா? கார்டுல 'எஸ். மங்கையர்க்கரசி'ன்னு இருக்கா? ஆமா, வீடு அவ பேருல இருக்கு. அவங்க அப்பா குடுத்தது. அதனால என்ன, நான்தானே எல்லாம் பார்க்குறேன். ஓனர்தான் எழுதி ஓனர்தான் கையெழுத்துப் போடணுமா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? ஒரு மணி நேரமா என்னைப் பேச விட்டுட்டு!

இரு மங்கை. இரு. பேனாவை இப்படி வாங்குற, என்ன எழுதணும்னு உனக்குத் தெரியுமா? நான் சொல்றேன், எழுது. 'நன்று', அதுக்குக் கீழ 'சொந்தக் காரணம்'. அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நேரம் எழுதுற? ரெண்டு வரிக்குத்தானே எடம் இருக்கு. ஓரத்துல எல்லாம் எதுக்குடி எழுதுற?

தம்பி, குடுங்க பார்ப்போம். ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றேன். எழுத்துப் பிழை இருக்கும், எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ. குடுங்க தம்பி.

கண்ணாடி... இந்தா இருக்கு.

'ரெண்டரை வருஷத்தில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. எனக்கு உடம்பு முடியாதபோது அந்தப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவர்களாகக் காலி செய்யவில்லை. என் வீட்டுக்காரர் தான் செய்த தப்பை அந்தப் பையன் மேல் போட்டு வெளியே அனுப்பினார். எனக்குத் தெரிந்தும் நான் தடுக்கவில்லை. வேலை கொடுங்கள்.'

கையெழுத்துப் போட்டிருக்கா. தேதியும் போட்டிருக்கா.

இதை அங்க எத்தனை பேரு படிப்பாங்க தம்பி? ரெண்டு பேரா, மூணு பேரா? ஃபைல்ல போட்டு வெப்பாங்களா? எத்தனை வருஷத்துக்கு? இல்ல, சும்மாதான் கேட்டேன். அவன் படிப்பானா? அவன்கிட்ட காட்ட மாட்டாங்களா? காட்ட மாட்டாங்க. அப்ப அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் என்னைத் திட்டிக்கிட்டேதான் இருப்பான்.

மங்கை, 'நான் தடுக்கவில்லை'ன்னு நீ எதுக்குடி எழுதின? நீதான் அழுதியே. நாலு நாள் சாப்பிடாம இருந்தியே.

உள்ள போயிட்டா பாருங்க.

வேற ஃபாரம் இருக்கா உங்ககிட்ட? இல்லையா? இது ஒண்ணுதானா? இதைக் கிழிச்சா நீங்க திரும்ப ஒரு தடவை வரணுமா? வர மாட்டீங்களா, 'தகவல் இல்லை'ன்னு போட்டுடுவாங்களா? அப்படிப் போட்டா வேலை போயிடுமா?

போயிடும்ங்குறீங்க. இந்தாங்க, பிடிங்க. பைக்குள்ள வெச்சு ஜிப்பைப் போடுங்க. மீதிக் காப்பியெல்லாம் வேணாம், எந்திரிங்க. சீக்கிரம் கிளம்புங்க. இன்னும் ஒரு நிமிஷம் அது என் கண்ணு முன்னாடி இருந்தா நான் கிழிச்சுடுவேன், என்னை எனக்குத் தெரியும்.